முதலைக் கரையைத் தாண்டுவது எப்படி?

கேள்வி: தள்ளுபடியில் 'டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2' என்ற வீடியோ கேம் வாங்கினேன். டர்ன் முறையில், அதாவது நாமும் எதிரியும் மாறி மாறி ஆடும் ஆட்டம் எனக்கு இதுதான் முதல். வாள்காரர், வில்லாளி, நெருப்பு மந்திரவாதி, வைத்தியமும் பார்க்கும் நீர் மந்திரவாதி என்று நாலு பேர் இருக்கிறார்கள். ஃபோர்ட் ஜாய் கடற்கரையில் திரியும் மூன்று முதலைகளிடம் ஆறு தடவை தோற்றுவிட்டேன். கிளாசிக் என்ற டிஃபிகல்ட்டியில் ஆடுகிறேன். டிஃபிகல்ட்டியைக் குறைப்பதா, வேறு அணியோடு முதலிலிருந்து ஆரம்பிப்பதா? வேலை முடிந்து வந்தால் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது.

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் நாலு பேரும் நல்ல ஆட்கள்தான். அவர்கள் அடிக்கிற அடி ஆளுக்கொரு பக்கமாகச் சிதறுகிறது. அதைச் சரிசெய்தாலே இந்தச் சண்டை பாதி முடிந்த மாதிரி.

எதிரியின் மேல் கர்சரை வைத்துப் பாருங்கள். உயிர்க்கோட்டோடு இன்னும் இரண்டு கோடுகள் தெரியும். இரண்டும் கவசங்கள்: சாம்பல் நிறத்தில் இருப்பது ஃபிசிக்கல் ஆர்மர், நீல நிறத்தில் இருப்பது மேஜிக் ஆர்மர். வாளும் அம்பும் சாம்பல் கோட்டைத்தான் குறைக்கும். நெருப்பும் நீரும் மின்னலும் நீலக் கோட்டைக் குறைக்கும். ஒன்று காலியான பிறகுதான் அந்த வகை அடி உயிரைத் தொடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு முதலைக்கு இரண்டு வகையிலும் 20 ஆர்மர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் தன் டர்னில் இரண்டு அடி அடித்து மொத்தம் 20 இறக்குகிறார்கள். வாள்காரர் ஒரு டர்ன், நெருப்பு மந்திரவாதி ஒரு டர்ன் அடித்தால் இரண்டு கோடும் காலி, ஆனால் முதலையின் உயிரில் ஒரு கீறல்கூட இல்லை. அதே முதலையை வாள்காரரும் வில்லாளியும் சேர்ந்து அடித்திருந்தால், நீலக் கோடு அப்படியே இருக்க, உயிரில் 20 இறங்கியிருக்கும். உழைப்பு ஒன்றுதான், பலன் வேறு. அதனால் அணியை இரண்டு ஜோடியாக நினையுங்கள். வாளும் வில்லும் ஒரு ஜோடி, அவர்களுக்குச் சாம்பல் கோடு குறைவாக உள்ள எதிரி. மந்திரவாதிகள் இருவரும் இன்னொரு ஜோடி, அவர்களுக்கு நீலக் கோடு குறைவாக உள்ள எதிரி. ஒரு ஜோடி தொட்டதை மற்ற ஜோடி தொட வேண்டாம். நாலு பேரையும் ஃபிசிக்கலாகவே மாற்று என்று பலர் சொல்வார்கள். அது வேலை செய்யும்தான். ஆனால் மந்திரங்கள் ஒன்றோடொன்று கலப்பதுதான் இந்த ஆட்டத்தின் ருசி. முதல் தடவை ஆடுகிறவர் அதை இழக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஆர்மரை உடைப்பது உயிரைத் தொடுவதற்காக மட்டும் இல்லை. அது இருக்கும்வரை எதிரியைக் கீழே தள்ளவோ உறைய வைக்கவோ முடியாது. சாம்பல் கோடு காலியானதும் வாள்காரரின் பேட்டில் ஸ்டாம்ப், பேட்டரிங் ராம் இரண்டும் எதிரியைத் தரையில் வீழ்த்தும். வீழ்ந்தவருக்கு அடுத்த டர்ன் கிடையாது. நீலக் கோடு காலியானால் குளிர் மந்திரம் இரண்டு தடவை பட்டவர் உறைந்துபோவார். மின்னலில் 'ஷாக்' ஆனவர் மேல் மறுபடி மின்னல் விழுந்தால் 'ஸ்டன்' ஆகி நின்றுவிடுவார். அவருக்கும் டர்ன் போச்சு.

ஆடு புலி ஆட்டம் ஆடியிருந்தால் இது சட்டென்று பிடிபடும். அதில் ஆட்டால் புலியை வெட்ட முடியாது. நகர இடமில்லாமல் அடைத்துத்தான் ஆடுகள் ஜெயிக்கும். இங்கேயும் முதலில் பறிக்க வேண்டியது எதிரியின் டர்னை. மூன்று முதலைகளில் ஒன்று தரையில் கிடக்க, இன்னொன்று உறைந்து நிற்க, கடிக்க வருவது ஒன்றுதான் என்றால் உங்கள் நீர் மந்திரவாதிக்கு வைத்தியம் பார்க்கும் வேலையே குறைந்துவிடும். உங்கள் ஆட்களுக்கும் இதே விதிதான். அதனால் உயிரை ஏற்றுவதைவிட ஆர்மரை ஏற்றுங்கள். ஃபார்ட்டிஃபை சாம்பல் கோட்டை ஏற்றும், ஆர்மர் ஆஃப் ஃப்ராஸ்ட் நீலக் கோட்டை ஏற்றும்.

அடுத்தது ஆக்‌ஷன் பாயின்ட். டர்னுக்கு 4 கிடைக்கும், சாதாரண அடிக்கு 2 செலவு. செலவழிக்காததை அடுத்த டர்னுக்கு எடுத்துப்போகலாம், ஆனால் கையில் 6-க்கு மேல் நிற்காது. நடப்பதற்கும் இதிலிருந்துதான் போகும். புதிதாக ஆடுகிறவர்கள் செய்வது, சண்டை தொடங்கியதும் வாள்காரரை ஓடவிடுவது. ஓடிப் போய்ச் சேரும்போது ஒரு அடிக்குத்தான் பாயின்ட் மிஞ்சும், மூன்று முதலைகளுக்கும் நடுவில் தனியாக நிற்பார். எதிரி தூரத்தில் இருந்தால் 2 பாயின்டை மிச்சம் வைத்து நில்லுங்கள். நடக்கிற செலவை முதலை ஏற்கட்டும். அது வந்து சேர்ந்ததும் உங்கள் கையில் 6 இருக்கும், அதாவது மூன்று அடி.

சண்டை தொடங்கும் முன் ஆட்களை நிறுத்தி வைப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. திரையின் இடது பக்கம் நாலு முகங்களும் சங்கிலி போல இணைந்திருக்கும். ஒரு முகத்தைப் பிடித்து இழுத்தால் அவர் தனியாகப் பிரிந்துவிடுவார். வில்லாளியை இப்படிப் பிரித்து, பக்கத்தில் மேடு இருந்தால் அதில் ஏற்றுங்கள். உயரத்திலிருந்து எய்தால் அடி கூடும், ஹன்ட்ஸ்மன் திறன் ஏற ஏற இன்னும் கூடும். மந்திரவாதிகளைத் தள்ளித் தள்ளி நிறுத்துங்கள். கூட்டமாக நின்றால் ஒரே மந்திரத்தில் எல்லோரும் மாட்டுவார்கள்.

தரையையும் பாருங்கள். எண்ணெயும் விஷமும் நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும். நெருப்பு மந்திரவாதி இருக்கும் அணியில் முதலில் வேகிறவர் பெரும்பாலும் நம் வாள்காரர்தான். இரண்டாவது அத்தியாயத்தில் பிளாக்பிட்ஸ் என்று எண்ணெய் வயல் ஒன்று வரும். அங்கே எனக்கு மூன்று இரவு போனது. தரை முழுக்க சபிக்கப்பட்ட நெருப்பு, சாதாரண மழை மந்திரத்துக்கு அணையாது. ஆசி வழங்கும் 'பிளெஸ்' மந்திரத்தைக் கையில் வைத்திருந்தவரை மட்டும் முன்னால் அனுப்பிய பிறகுதான் கரை சேர்ந்தேன். நீங்கள் அங்கே போக இன்னும் நாள் இருக்கிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லெவல் ஏறும்போது கிடைக்கும் புள்ளிகளைப் பற்றிச் சுருக்கமாக. வாள்காரருக்கு ஸ்ட்ரெங்த், வில்லாளிக்கு ஃபினெஸ், மந்திரவாதிகளுக்கு இன்டெலிஜென்ஸ். மந்திரம் வைத்துக்கொள்ள இடம் போதாதபோது மட்டும் மெமரி. உயிரை மட்டும் கூட்டும் கான்ஸ்டிட்யூஷனில் கொட்ட வேண்டாம். அப்புறம், வார்ஃபேர் என்ற திறனின் பெயரைப் பார்த்து அது வாள்காரருக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அது எல்லா ஃபிசிக்கல் அடியையும் பெருக்கும், வில்லாளிக்கும் அதில்தான் முதலீடு செய்ய வேண்டும்.

உங்கள் லெவலை எழுதவில்லை. எதிரியின் பெயரோடு அதன் லெவலும் தெரியும். உங்களைவிட ஒரு லெவல் கூட இருந்தாலே இந்தக் கட்டத்தில் கடினம், இரண்டு கூட என்றால் திரும்பி வந்துவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அனுபவப் புள்ளி சண்டையில் மட்டும் கிடைப்பதில்லை. ஃபோர்ட் ஜாய் முகாமுக்குள் கிரிஃப் என்ற அடாவடிக்காரர் சமையல்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் எல்ஃபைக் கூண்டில் அடைத்திருப்பார். அந்தப் பஞ்சாயத்தைப் பேசியே தீர்க்கலாம். பெட் பால் என்ற திறமையை யாராவது எடுத்திருந்தால் எலி, நாயோடுகூடப் பேசி விஷயம் கறக்கலாம். ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் ஒருநாள் முழுக்க இப்படிச் சுற்றுங்கள், மறுநாள் முதலைக்குப் போங்கள். போகும் முன் படுக்கைச் சுருளை ஒருமுறை அழுத்தினால் எல்லோருக்கும் உயிர் முழுதாக ஏறிவிடும், செலவில்லை. எஃப்5 அழுத்திச் சேமியுங்கள்.

இவ்வளவும் செய்து இன்னும் மூன்று தடவை தோற்றால் தயங்காமல் எக்ஸ்ப்ளோரர் என்ற எளிய டிஃபிகல்ட்டிக்கு மாற்றுங்கள். கிளாசிக்கிலிருந்து நடு ஆட்டத்தில் மாற்ற முடியும். அணியை மாற்ற ஆசை இருந்தால் ஃபோர்ட் ஜாயை முடித்து லேடி வெஞ்சன்ஸ் கப்பலுக்குப் போகும்வரை பொறுங்கள். அங்கே இருக்கும் மாயக் கண்ணாடி முன் எத்தனை தடவை வேண்டுமானாலும் புள்ளிகளைக் கலைத்துப் புதிதாகப் போடலாம், காசு கிடையாது.

முதலைகளில் ஒன்று உங்கள் ஆட்களைத் தூக்கி வேறிடத்தில் போடும். அதுவே பெரிய தொல்லை, அதன் டர்னை முதலில் பறியுங்கள். மூன்றும் செத்ததும் உடல்களைத் தேடுங்கள், டெலிபோர்ட்டேஷன் கையுறை கிடைக்கும். அதை நீர் மந்திரவாதிக்கு மாட்டிவிடுங்கள். ஆர்மர் இருந்தாலும் அந்த மந்திரம் எதிரியைத் தூக்கும். இனி மேட்டில் நின்று அம்பு விடுகிறவரைத் தேடி உங்கள் வாள்காரர் ஏற வேண்டாம். அவரைத் தூக்கி வாள்காரரின் காலடியில் போடுங்கள், உங்கள் வில்லாளியைக் கொண்டு அவருடைய சாம்பல் கோட்டைக் காலி செய்யுங்கள், பிறகு பேட்டில் ஸ்டாம்ப்.