பலகை உங்கள் மேசைமேல் என்ன செய்கிறது?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. பிறந்ததிலிருந்தே பெருமூளை வாதம். கை, கால் வசப்படாது, பேச்சு வராது. புத்தி மட்டும் படுகூர்மை. அம்மா போன பிறகு ஒன்பது வருடமாகப் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறான். அவன் வாழ்க்கையை, அவனே ‘நான்’ என்று சொல்வதுபோல ஒரு நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அவன் கண்ணால் எழுத்துகளைக் காட்டிப் பேசும் பலகை இப்போது என் மேசைமேல்தான் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து எழுதும்போது வர்ணனை உயிரோடு வருகிறது. மூன்று வாரத்தில் ஆறு அத்தியாயம் முடித்துவிட்டேன். சமீபமாக யார் போனாலும் அவன் கண்ணை மூடிக்கொள்கிறான். அதையும் ஒரு காட்சியாகச் சேர்த்திருக்கிறேன். சொந்தப் பெயரில் வெளியிட்டால், “கூடப் பிறந்தவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அதையே கதையாக்குகிறாள்” என்று உறவினர்கள் பேசுவார்கள். புனைபெயர் வைத்துக்கொள்ளலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: புனைபெயரைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தப் பலகைக்கு வருவோம்.

இல்லத்தில் இன்னொரு பலகை இருப்பதாக எங்காவது எழுதியிருக்கிறீர்களா என்று கடிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இல்லை. அப்படியென்றால் மூன்று வாரமாக உங்கள் தம்பிக்கு வாய் இல்லை. நீங்கள் அதை எடுத்து வந்துவிட்டீர்கள்.

யார் போனாலும் கண்ணை மூடிக்கொள்கிறான் என்கிறீர்கள். அவருக்குப் பேச்சே கண்ணில்தான் இருக்கிறது. எதிரே பலகை இல்லாதபோது அந்தக் கண்ணைத் திறந்து வைத்து யாரிடம் என்ன சொல்ல? வேறு காரணமும் இருக்கலாம். கண் உறுத்தல், காய்ச்சல், மருந்து மயக்கம், மனச்சோர்வு, எதுவாகவும் இருக்கலாம். எதுவென்று அவரையே கேட்டிருக்கலாமே? நீங்கள் கேட்கவில்லை. காட்சியாக்கிவிட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

பலகையைப் பார்த்து வர்ணித்தேன் என்கிறீர்களே, அதை வைத்துப் பேசிப் பார்த்தீர்களா? தமிழுக்கு 247 எழுத்தையும் அதில் நிரப்ப வேண்டியதில்லை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என்று 31 கட்டம் இருந்தால் போதும், மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துப் பார்த்தால் உயிர்மெய் கிடைத்துவிடும். ஆனால் ‘வலி’ என்று சொல்ல வ், அ, ல், இ என்று நான்கு கட்டம் பார்க்க வேண்டும். ‘வலிக்கிறது’ என்றால் பதினொன்று. நடுவில் தலை ஆடும். பார்வை பக்கத்துக் கட்டத்துக்கு வழுக்கும். எதிரே நிற்பவர் ‘ல்’ என்பதை ‘ள்’ என்று படிப்பார், மறுபடி முதலிலிருந்து. முழுச் சொல்லையும் கேட்கப் பொறுமை இல்லாதவர் பாதியிலேயே “தண்ணியா?” என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஒரு நாள் இரவு அவருடைய முதுகுக்கடியில் விரிப்பு சுருண்டு கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் நானும் தூக்கத்திலேயே புரண்டு படுத்துவிடுவோம். அவரால் முடியாது. அழுத்தம் ஒரே இடத்தில் நின்றால் வால் எலும்பிலும் குதிகாலிலும் இரத்த ஓட்டம் தடைபட்டுப் படுக்கைப்புண் வரும். யாராவது வந்து திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், அதற்கு அவர் சொல்ல வேண்டும். பலகை எதற்கென்று இப்போது புரிகிறதா? நாவலில் அதன் சட்டம் எந்த நிறம் என்று எழுதுவதற்கு அல்ல.

பிரெஞ்சுப் பத்திரிகையாசிரியர் ஜான் தொமினிக் போபியை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1995 டிசம்பரில், 43 வயதில், பக்கவாதம் தாக்கி உடல் முழுக்க முடங்கியது. இடது கண் இமை மட்டும் அவர் சொல்படி கேட்டது. கேட்பவர் எழுத்துகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக, வேண்டிய எழுத்து வந்ததும் இமையை மூடித் திறப்பார். அப்படியே ஒரு முழுப் புத்தகம் சொல்லி, அது 1997 மார்ச்சில் வெளிவந்தது. தொலைக்காட்சியில் அவர் பார்த்துக்கொண்டிருந்த கால்பந்தாட்டத்தைப் பாதியில் ஒருவர் அணைத்துவிட்டுப் போனதும் அதில் வருகிறது. வெளியிலிருந்து பார்த்து எழுதுகிற நமக்கு இப்படி ஒன்று தோன்றவே தோன்றாது. நோயையும் சோகத்தையும் எழுதிக்கொண்டிருப்போம். அவருக்கோ ஆட்டத்தின் மறுபாதி போய்விட்டது. அவர் பக்கத்தில் ஒருவர் எழுத்துகளைச் சொல்லிக்கொண்டு காத்திருந்ததால்தான் அது நம் கைக்கு வந்தது. உங்கள் தம்பிக்கும் அப்படி ஒருவர் தேவை. நீங்கள் அவரை விட்டு எழுந்து வந்து, வேறு அறையில் உட்கார்ந்து ‘நான்’ என்று எழுதுகிறீர்கள்.

இல்லத்தில் சேர்த்ததற்காக நான் உங்களைக் குறை சொல்லமாட்டேன். தூக்கவும் குளிப்பாட்டவும் திருப்பிப் போடவும் இரவு பகலாக ஆள் வேண்டும். தனி ஒருத்தியால் ஆகாது. உறவினர்கள் பேசட்டும், அவர்களில் எத்தனை பேர் ஓர் இரவு மாற்றிவிட வந்தார்கள்? ஆனால் வேலையை மற்றவர் கையில் கொடுத்த பிறகும் அக்காவுக்கு ஒரு கடமை மிச்சம் இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு நேரம் இல்லை. சொல் முடியும் வரை காத்திருக்க, வீட்டு மனுஷியைத் தவிர வேறு யார் வருவார்?

இதைக் கடுமையாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் அம்மா கடைசிக் காலத்தில் ஒரு பராமரிப்பு இடத்தில் இருந்தபோது, உடைந்துவிடக் கூடாதென்று அவர் மூக்குக்கண்ணாடியை அலமாரியில் வைத்துவிட்டார்கள். நானும் அக்கறையாகத்தான் செய்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். பதினொரு நாள் அம்மா எங்கள் முகத்தைப் பனிமூட்டத்தில் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் என்னை விடவில்லை.

சரி, செய்ய வேண்டியது. பலகையை இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். அதைப்போலவே இன்னும் இரண்டு செய்யுங்கள். ஒன்று கட்டில் தலைமாட்டில், ஒன்று சக்கர நாற்காலியில். ‘ஆம்’ என்றால் அவர் எப்படிக் காட்டுவார், ‘இல்லை’ என்றால் எப்படி என்று பின்பக்கம் பெரிதாக எழுதுங்கள். இரவுப் பணிக்கு வருபவருக்கும் பழக்கிவிடுங்கள். 2006-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கை, கருத்துச் சுதந்திரம் என்னும்போது இப்படிப்பட்ட மாற்றுவழிகளையும் சேர்த்தேதான் சொல்கிறது. இல்லத்தார் முகம் சுளித்தால் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

நாவலை அதற்கப்புறம் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். தனியாக, பணியாளர்கள் இல்லாத நேரத்தில். உங்கள் கதையில் பணியாளர் ஒருவரின் முரட்டுக் கை வந்தால், பெயரை மாற்றினாலும் அது யாருடையது என்று அங்கே தெரிந்துவிடும். மறுநாள் காலையில் உங்கள் தம்பிக்குச் சோறு ஊட்டப் போவதும் அதே கைதான். அந்த ஆபத்தை ஏற்பதா வேண்டாமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால், ஆறு அத்தியாயமும் பெட்டிக்குள் போகட்டும். சரி என்றால் அட்டையில் யார் பெயர் என்பதையும் அவரே சொல்லட்டும். உங்கள் கேள்விக்கு அங்கேதான் பதில்.

ஆனால் முதல் நாள் நாவல் பேச்சையே எடுக்காதீர்கள். மூன்று வாரமாகச் சொல்ல முடியாமல் வைத்திருப்பது ஏதாவது இருக்கும். பலகையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். அவர் கண்ணைத் திறக்க ஒரு மணி நேரம் ஆனாலும் சரி. குறிப்பெடுக்க நோட்டு கொண்டு போகாதீர்கள்.