எருக்கும் அரளியும் ஒரே குடும்பமா?

"பழைய தாவரவியல் புத்தகத்தில் எருக்குக்குத் தனிக் குடும்பம் இருக்கிறது, புதியதில் அரளிக் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். எது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

புதியதுதான். 1810இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் எருக்கு வகையைத் தனியே பிரித்ததற்குக் காரணம் மகரந்தம். அரளியில் அது தூளாக இருக்கும். எருக்கிலோ மெழுகுப் பொதிகளாகத் திரண்டு, ஜோடி ஜோடியாகப் பூச்சியின் காலில் மாட்டிக்கொண்டு போகும். இவ்வளவு பெரிய வேறுபாட்டைப் பார்த்தால் யாருக்கும் பிரிக்கத்தான் தோன்றும்.

ஆனால் டிஎன்ஏவை ஒப்பிட்டபோது, எருக்கு வகை அரளிக் குடும்ப மரத்தின் உள்கிளை ஒன்றிலிருந்தே முளைத்தது தெரிந்தது. உள்கிளையை வெட்டி எடுத்துத் தனி மரம் என்று சொல்ல முடியாதல்லவா? அதனால் 1998இல் வந்த ஏபிஜி வகைப்பாடு (தாவரவியலாளர் குழு ஒன்று டிஎன்ஏவை வைத்துப் பூக்கும் தாவரங்களுக்குச் செய்த வகைப்பாடு) இரண்டையும் ஒன்றாக்கியது. இந்த உறவு கண்ணுக்கும் தெரிய, இதே குடும்பத்து நன்னாரியைப் பாருங்கள்: நான்கு நான்காக ஒட்டிய மகரந்தம், அதை ஏந்த ஒரு கரண்டி போன்ற உறுப்பு. தூளுக்கும் பொதிக்கும் நடுவில் நிற்கிறது.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை: செவ்வரளிக்கு நெருங்கிய சொந்தம் எருக்குதான், மஞ்சள் அரளி அல்ல! பெயரை நம்பாமல் காயை உடைத்துப் பாருங்கள். செவ்வரளி, எருக்கு இரண்டிலும் விதை நுனியில் பஞ்சுக் குஞ்சம் இருக்கும். மஞ்சள் அரளியில் கெட்டியான கொட்டைதான்.

உடைத்தபின் கையைக் கழுவிவிடுங்கள், மூன்றுமே விஷம்.