3,000 லிட்டர் பம்ப், 1,500 லிட்டர் தண்ணீர்

கேள்வி: சிங்கப்பூர் தெம்பனிஸில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் 4 அடி மீன் தொட்டி, கொள்ளளவு 270 லிட்டர். கீழே அலமாரிக்குள் சம்ப் (தொட்டித் தண்ணீர் வடிந்து சேரும் சிறு தொட்டி). பெட்டியில் 'மணிக்கு 3,000 லிட்டர், உயரம் 2.8 மீட்டர்' என்று போட்ட ரிட்டர்ன் பம்ப் (சம்ப் தண்ணீரைத் தொட்டிக்குத் திரும்ப ஏற்றுவது) 10 லிட்டர் வாளியை நிரப்ப 24 விநாடி எடுக்கிறது. 20 மி.மீ. பைப், 4 எல்போ (பைப்பைத் திருப்பும் வளைவு இணைப்பு). கடைக்காரர் 6,000 லிட்டர் பம்ப் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். வாளி வைத்து அளந்தீர்களே, அது எந்தக் கடைக்காரரின் வாயையும் விட நம்பகமானது. 24 விநாடி என்றால் மணிக்கு 1,500 லிட்டர். உங்கள் தொட்டித் தண்ணீர் மணிக்கு ஐந்து தடவைக்கு மேல் சுற்றுகிறது. சாதாரண மீன்களுக்கு இதுவே தாராளம்.

அந்த 3,000 லிட்டர் என்பது தண்ணீரைத் துளிகூட மேலே ஏற்றாதபோது வருவது. 2.8 மீட்டர் என்பது பைப்பில் தண்ணீர் ஏறி, வெளியே சொட்டாமல் நின்றுவிடும் உயரம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. நடுவில் என்ன கிடைக்கும் என்று காட்டும் வளைகோட்டைப் பெட்டியில் அச்சிட மட்டும் பம்ப் தயாரிப்பவர்களில் பாதிப் பேருக்கு மனம் வராது.

சரி, கணக்குக்கு வருவோம். சம்ப் தண்ணீரின் மேல்மட்டத்திலிருந்து, மேலே தண்ணீர் விழும் வாய் வரை டேப் பிடியுங்கள். பம்ப் உட்கார்ந்திருக்கும் அடிமட்டத்திலிருந்து அளக்க வேண்டாம். உங்கள் அமைப்பில் அது 110 செ.மீ. போல இருக்கும். அதோடு 2 மீட்டர் பைப்பும் 4 எல்போவும் இந்த ஓட்டத்தில் உராய்வால் இன்னும் அரை மீட்டர் சொச்சம் உயரத்தைத் தின்கின்றன. ஆக, பம்பின் மேல் இருக்கும் சுமை சுமார் 1.65 மீட்டர்.

இதே பைப்பில் ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் உராய்வு இரண்டு மடங்கு ஆகாது, கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஆகும். பம்ப் தரும் உயரத்தில் 2 மீட்டருக்கு மேல் வெறும் பைப் உராய்விலேயே போய்விடும். பெரிய பம்புக்குக் காசு, கூடுதல் மின்கட்டணம், நம் வெக்கையில் தண்ணீருக்குக் கூடுதல் சூடு. அப்புறம் அதே கடைக்காரர் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) விற்க வருவார். உண்மையிலேயே ஓட்டம் போதவில்லை என்றால் பைப்பை 25 மி.மீ. ஆக்குங்கள், தேவையற்ற எல்போவை எடுங்கள். பம்ப் விற்றால்தானே லாபம், பைப்பில் என்ன கிடைக்கும் என்பதால் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

சம்ப்பைத் தொட்டிக்குக் கீழே வைக்காமல், சர்வீஸ் யார்டில் (துணி துவைத்துக் காயவைக்கும் இடம்) அலமாரித் தட்டு மேல் வைப்பவர்களுக்குக் கதை வேறு. உயரம் 20 செ.மீ.தானே, சின்ன பம்ப் போதும் என்பார்கள். 6 மீட்டர் பைப்பும் 6 எல்போவும் 20 மி.மீ.யில் இருந்தால், இதே 1,500 லிட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் தின்றுவிடும். அங்கே உயரம் பெயருக்குத்தான், எல்லாம் உராய்வு. 32 மி.மீ. போடுங்கள். தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பை அதைவிடப் பெரிதாகவே வையுங்கள். அங்கே தண்ணீரைத் தள்ள பம்ப் கிடையாது, 20 செ.மீ. சரிவு மட்டும்தான். அடைத்துக்கொண்டால் தொட்டி வழிந்து, கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.