பத்து நாள் கடையை மூடினால் சரியாகிவிடுமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 11 வருடமாக ஹார்டுவேர் கடை நடத்துகிறேன். வயது 43. ஃபெஞ்சல் புயலில் நனைந்துபோன சரக்குக்காக வாங்கிய கடன் இன்னும் ஓடுகிறது. காலை எட்டுக்குத் திறந்தால் இரவு பத்துக்குத்தான் மூடுவேன். சில மாதங்களாக ஷட்டரைத் தூக்கவே மனசில்லை. ஆணி கேட்டு வருபவரிடம்கூட எரிந்து விழுகிறேன். தூக்கத்துக்கு மெடிக்கலில் கேட்டு இரண்டு மாதமாக ஒரு மாத்திரை போடுகிறேன். பத்து நாள் மூடிவிட்டு எங்காவது போய்வரலாம் என்கிறார் மனைவி. புதுச்சேரியில் மூன்று நாள் மனவலிமை முகாம், 35,000 ரூபாய், சேர்ந்துவிடு என்கிறார் நண்பர். எது சரி, டாக்டர்?

பதில்: முகாம் வேண்டாம். பத்து நாள் மூடுவதும் நீங்கள் நினைக்கிற பலனைத் தராது.

உங்கள் நிலைக்கு பர்ன் அவுட் என்று பெயர். உடம்பில் தெம்பு வற்றும், தொழில்மேல் கசப்பு வரும், என்ன செய்தாலும் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை வேலை சார்ந்த நிலை என்று வகைப்படுத்தியது. நோய் என்று சொல்லவில்லை. நோய் இல்லை என்பதால் காப்பீட்டுக்காரர் கையை விரித்துவிடுவார். பத்துப் பேர் வேலை செய்யும் கடை என்றால் ஊழியருக்கு ஈஎஸ்ஐ உண்டு. அதற்குப் பணம் கட்டுகிற முதலாளி படுத்துக்கொண்டால் கேட்க ஒரு நாதி கிடையாது. சிறு வியாபாரி களைப்படையவே மாட்டான் என்று நினைத்துத்தான் இந்த நாட்டில் சட்டம் எழுதுகிறார்கள் போல.

முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின், பி12 இவற்றில் ஏதாவது கோளாறு இருந்தாலும் இப்படித்தான் அசதி வரும்.

அப்புறம் ஓய்வு. நீண்ட விடுமுறையால் வரும் தெம்பு சில வாரங்களிலேயே கரைந்துவிடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பத்து நாள் கழித்து வந்தால் அதே கல்லா, அதே கடன். பக்கத்துப் புதுச்சேரியில் மதியம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு நாலு மணிக்குத் திறக்கும் வழக்கம் உண்டு. சோம்பேறி ஊர் என்று நாம் கிண்டல் செய்வோம். நீங்கள் அதைக் காப்பியடியுங்கள். மதிய வெயிலில் சிமென்ட் வாங்க யாரும் ஓடிவரப் போவதில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். அரை மணி நேரம் தூங்கினால் போதும். கடை ஃபோன் கடையிலேயே கிடக்கட்டும்.

உங்களை அரிப்பது வேலை நேரம் மட்டுமல்ல. விலை, கடன், தள்ளுபடி எல்லாமே உங்கள் வாய் வழியாகத்தான் போகிறது என்று நினைக்கிறேன். கடைப் பையனிடம் ஒரு விலை நோட்டைக் கொடுங்கள். 2,000 ரூபாய் வரை அவனே முடிவு செய்யட்டும். நாலு தடவை தப்பு செய்வான், செய்யட்டும்.

முகாமை ஏன் வேண்டாம் என்கிறேன் தெரியுமா? என்னிடம் வந்த ஒரு ஜவுளிக்காரர் இப்படி ஒன்றுக்குப் போனார். முதல் நாள் அழ வைத்தார்கள், இரண்டாம் நாள் குதிக்க வைத்தார்கள், மூன்றாம் நாள் ஒன்றரை லட்சத்துக்கு அடுத்த கட்டப் பயிற்சி என்று கையெழுத்து வாங்கினார்கள். நான்காம் நாள் கடைக்கு வந்தவருக்குப் பழைய களைப்போடு புதுக் கடனும் சேர்ந்திருந்தது. சேர்த்துவிட்ட நண்பருக்குக் கமிஷன் என்பது பிறகுதான் தெரிந்தது. உங்கள் நண்பரையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். முத்ரா கடன் வாங்கித் தருகிறேன் என்று வரும் ஏஜென்ட்டும் இதே ரகம்தான். முத்ராவுக்கு ஏஜென்ட்டே கிடையாது, நேராக வங்கிக்குப் போங்கள். மனசு சோர்ந்திருக்கும்போது எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், கடையை விற்கிற காகிதம் உட்பட.

இனி மாத்திரை. பெயரை நீங்கள் எழுதவில்லை. அல்பிரசோலம் அல்லது அதே வகையாக இருக்கலாம். சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாத மருந்து, ஆனாலும் கொடுக்கிறார்கள். சில வாரங்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும். இதைப் படித்ததும் ‘சரி, இன்றோடு விட்டுவிடுகிறேன்’ என்று முடிவெடுத்துவிடாதீர்கள். இரண்டு நாள் போட்டவர் விடலாம். இரண்டு மாதமாகப் போடுகிற நீங்கள் சட்டென்று நிறுத்தினால் பதற்றம், நடுக்கம், சிலருக்கு வலிப்புகூட வரும். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை இன்றைய அளவைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அதோடு குடிக்கவும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். புதுச்சேரி எல்லை தாண்டினால் மது மலிவு என்று தூக்கத்துக்காகக் குடிப்பவர்களைப் பார்க்கிறேன். குடித்தால் முதல் பாதி ராத்திரி தூக்கம் வரும், பின் பாதி கெடும்.

ஒன்று கவனியுங்கள். கடை இல்லாத ஞாயிற்றுக்கிழமையும், பிள்ளைகளோடு இருக்கும்போதும் இரண்டு வாரமாக எதிலும் ருசி இல்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மதியத் தூக்கம் அதற்குப் போதாது, மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்று ஒரு நொடி தோன்றினாலும் 14416-ஐக் கூப்பிடுங்கள். அது அரசின் டெலி மானஸ் எண். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

மருத்துவரிடம் போகும்போது அந்த மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ‘சின்னதா வெள்ளையா இருக்கும் சார்’ என்று சொன்னால் எங்களால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.