புத்தகம் கேளுங்கள்: தகடூர் (இன்றைய தருமபுரி) பக்கத்து வாசகர்களுக்குப் பதில்கள்

கேள்வி: காரிமங்கலத்திலிருந்து ஓசூருக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். கல்லூரி நாட்களில் நிறையப் படித்தவன்தான். பத்து வருஷமாக ஒரு புத்தகத்தைக்கூட முடித்ததில்லை. எதில் மறுபடி தொடங்கலாம்?
– வாசகர், காரிமங்கலம்

விட்டுப்போன பழக்கத்தைப் பெரிய நாவலை வைத்துப் பிடிக்கப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஐந்நூறு பக்க நாவலில் ஆட்கள் யார் யார் என்று பிடிபடவே எண்பது பக்கம் ஆகும். நடுவில் இரண்டு நாள் லீவு விழுந்தால் யாருக்கு யார் மாமன் என்பது மறந்துபோகும். அத்தோடு புத்தகம் பீரோவுக்குள் போய்விடும்.

தொ. பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’ வாங்குங்கள். உப்பு, எண்ணெய், உடை என்று நாம் தினமும் கையாளும் பொருள்களைப் பற்றிய சின்னச் சின்னக் கட்டுரைகள். கிருஷ்ணகிரி வருவதற்குள் ஒன்றிரண்டு முடிந்துவிடும். எங்கே விட்டோம் என்ற தொல்லையும் கிடையாது. அதை முடித்ததும் சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’. ஒரே ஒரு ஜல்லிக்கட்டு நாள்தான் கதை. நம் பக்கத்து எருதுவிடும் விழாவில் காளையைத் தெருவில் ஓடவிடுவார்கள். இதில் வாடிவாசலில் நின்று அணைவது. ஆனால் மாட்டை வளர்த்தவனின் மனசு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மூன்றாவது, அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. ஒகேனக்கல் குழாய் வருவதற்கு முன் குடத்தோடு அலைந்தவர்களுக்கு அதில் வரும் சென்னைத் தெரு அந்நியமாகத் தெரியாது. நான்காவதாகப் பூமணியின் ‘வெக்கை’ (1982). முதல் பக்கத்திலேயே ஒரு பதினைந்து வயதுப் பையன் வெட்டிவிட்டு ஓடுகிறான். அதற்குமேல் நீங்களாக மூட மாட்டீர்கள்.

இந்த நான்கையும் முடித்த பிறகு பெரிய புத்தகத்தைத் தொடுங்கள். செல்போனில் பி.டி.எஃப். படிப்பது பஸ்ஸில் சரிவராது. குலுக்கலில் வரி தவறும், நடுவே அழைப்பும் வரும். காகிதப் புத்தகமே எடுத்துப் போங்கள்.

கேள்வி: ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் வாங்கி வைத்திருக்கிறேன். மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் இரண்டாம் பாகத்தில் நின்றுவிட்டேன். என்ன செய்வது?
– வாசகி, பாலக்கோடு

முதலில் உங்கள் கையில் இருப்பது முழுப் பதிப்புதானா என்று பாருங்கள் அம்மா. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால் சுருக்கப் பதிப்புகளும், எறும்பு மாதிரி எழுத்துள்ள மலிவுப் பதிப்புகளும் சந்தையில் உண்டு. அத்தியாயங்களை எண்ணினால் தெரிந்துவிடும்: ‘புது வெள்ளம்’ 57, ‘சுழற்காற்று’ 53, ‘கொலை வாள்’ 46, ‘மணிமகுடம்’ 46, ‘தியாக சிகரம்’ 91. மொத்தம் 293. குறைந்தால் அது சுருக்கம்.

இரண்டாம் பாகத்தில் நிற்பதற்குக் காரணம் உண்டு. முதல் பாகம் முழுக்க நாம் வந்தியத்தேவன் குதிரையின் பின்னாலேயே போகிறோம். வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று தொடங்கும் பயணம் அது. இரண்டாம் பாகத்தில் கதை கடல் தாண்டி இலங்கைக்குப் போகிறது, புதிய ஆட்கள் வருகிறார்கள், பழைய ஆட்கள் கண்ணில் படாமல் போகிறார்கள். அங்கேதான் கை தளரும். ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு எழுதி வையுங்கள்: சோழர் குடும்பம், பழுவூர்க்காரர்கள், பாண்டிய ஆபத்துதவிகள் (பாண்டியனுக்காகப் பழிவாங்கத் துடிக்கும் கூட்டம்). பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர் இரண்டு பேரையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பலருக்குக் குழப்பம் அங்கேதான். இது 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர். ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்த வாரம் வரை காத்திருக்க வைக்கிற மாதிரி முடியும். ஒரே மூச்சில் இருபது அத்தியாயம் படித்தால் அந்த முடிச்சுகளே சலிப்பாகிவிடும். நாளைக்கு மூன்று என்று வைத்துக்கொண்டால் நூறு நாளுக்குள் முடியும்.

இன்னொன்று. இதையே சோழர் வரலாறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நந்தினி கல்கியின் கற்பனை. ஆதித்த கரிகாலன் கொலையில் ரவிதாசன் முதலியோரின் பெயர் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. எது கல்வெட்டு, எது கற்பனை என்று பிரித்துப் பார்க்க, தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ முதல் பகுதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாவலை முடித்த பிறகு படிப்பது நல்லது. முதலிலேயே படித்தால் கதையின் சுவை போய்விடும்.

கேள்வி: அதியமான் பற்றியும் நம் ஊர் நடுகற்கள் பற்றியும் ஆதாரத்தோடு படிக்க விரும்புகிறேன். கிடைக்கிற புத்தகங்களில் நெல்லிக்கனிக் கதையைத் தவிர ஒன்றும் இல்லை.
– வாசகர், அரூர்

நியாயமான குறை. அதியமானைப் பற்றிய மிகப் பழைய ஆதாரமே எளிதாகக் கைக்கெட்டும் புத்தகம்தான்: புறநானூறு. அதை 1894-இல் உ.வே. சாமிநாதையர் அச்சேற்றினார். நானூறு பாட்டையும் வரிசையாகப் படிக்கப் போனால் பத்தாவது பாட்டில் களைத்துவிடுவீர்கள். ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடியவை 87-ஆம் பாட்டிலிருந்து கொத்தாக வருகின்றன. அவற்றில் முதலில் 94-ஐ எடுங்கள். நீர்த்துறையில் படுத்திருக்கும் யானையின் தந்தத்தைச் சிறுபிள்ளைகள் கழுவுகிறார்கள். எங்களுக்கு நீ அப்படி இனியவன், பகைவருக்கோ அதே யானை மதம் பிடித்த மாதிரி என்கிறார் ஔவை. அடுத்து 95, தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்துச் சொன்னது. பிறகு 91, அந்த நெல்லிக்கனி. 99-இல் அதியமானின் முன்னோர் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்த செய்தி இருக்கிறது. பாலக்கோடு கரும்புக்காரர்கள் தவறவிடக் கூடாத பாட்டு. கடைசியாக 235, அவன் இறந்தபின் பாடிய கையறுநிலை. இந்த ஐந்தையும் ஒரே மாலையில் படிக்கலாம். அதற்குமேல் நெல்லிக்கனி தனிக்கதையாக நிற்காது.

உரை எது? புறநானூற்றின் பழைய உரை முதல் 266 பாட்டுக்குத்தான் கிடைத்திருக்கிறது. ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் உரை முழுமைக்கும் இருக்கிறது, விளக்கமும் அதிகம். இலக்கணக் குறிப்புகள் மிரட்டினால் புலியூர்க் கேசிகனின் தெளிவுரையில் தொடங்கி, ஐயம் வரும் இடத்தில் மட்டும் துரைசாமிப் பிள்ளை உரைக்குப் போங்கள். ஆத்திசூடி பாடிய ஔவை பல நூற்றாண்டு பிந்தியவர். இருவரையும் ஒருவராக்கி எழுதியிருக்கும் புத்தகம் கையில் வந்தால், மற்ற தகவல்களையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். அதியமானின் தகடூரை வென்றவன் சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை. அவனை அரிசில்கிழார் பாடியது பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து. தோற்ற ஊரின் குரலைப் புறநானூற்றிலும், வென்றவனின் பெருமையைப் பதிற்றுப்பத்திலும் அடுத்தடுத்துப் படிக்கும் வாய்ப்பு எத்தனை ஊருக்குக் கிடைக்கும்! இந்தப் போரைப் பற்றிய ‘தகடூர் யாத்திரை’ முழுதாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு போன்ற தொகுப்புகளிலும் பழைய உரைகளிலும் சில பாட்டுகள் மட்டும் தங்கின. முழு நூல் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். கல்வெட்டுச் சான்று வேண்டுமானால் 1981-இல் கண்டெடுக்கப்பட்ட ஜம்பைத் தமிழ் பிராமிக் கல்வெட்டைத் தேடிப் படியுங்கள். ‘அதியன் நெடுமான் அஞ்சி’ என்ற பெயர் அதில் இருக்கிறது.

நடுகல்லுக்கு இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ (1972) நல்ல வாசல். செங்கம் நமக்குப் பக்கத்து ஊர். கல்லின் அமைப்பும் வாசகமும் நம் கற்களைப் போலவே இருக்கும். அதோடு தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் ‘தருமபுரி கல்வெட்டுகள்’. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் துறையின் பழைய வெளியீடுகளைத் தேடிப் பாருங்கள். நடுகல் வாசகம் பெரும்பாலும் ஒரே வரிசையில் போகும்: அரசன் பெயர், ஆட்சி ஆண்டு, தலைவன், ஊர், சண்டை, இறந்தவன். மூன்று சொல் தெரிந்தால் பாதி புரியும். ‘யாண்டு’ என்றால் ஆட்சி ஆண்டு. ‘தொறு’ என்றால் மாட்டு மந்தை. ‘பட்டான்’ என்றால் இறந்தான். ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்றால் கவர்ந்து போன மந்தையை மீட்டு உயிர் விட்டவன். எடுத்தனூர்க் கல்லில் கோவிவன் என்ற நாய்க்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். புத்தகத்தைப் படித்துவிட்டுத் தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள், முன்னதாக வேண்டாம். சொல் தெரியாமல் பார்த்தால் எல்லாக் கல்லும் ஒன்றுபோலத் தெரியும்.

கேள்வி: எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை 70 பிள்ளைகள். நன்கொடையாகப் பத்தாயிரம் ரூபாய் வந்திருக்கிறது. என்ன புத்தகம் வாங்கலாம்?
– ஆசிரியை, பென்னாகரம்

வாங்குவதற்கு முன் பள்ளி பீரோவைத் திறந்து பாருங்கள். ‘வாசிப்பு இயக்கம்’ கொடுத்த நுழை, நட, ஓடு, பற வரிசைப் புத்தகங்களும், ‘தேன்சிட்டு’ இதழ்களும் கட்டுப் பிரிக்காமல் கிடக்கலாம். அதற்குச் செலவே இல்லை.

பணத்தில் எண்பது தலைப்பு ஒவ்வொரு பிரதி வாங்காதீர்கள். ஒரு பிள்ளை படித்ததைப் பற்றிப் பேச இன்னொரு பிள்ளை வேண்டும். இருபது தலைப்பு, தலைப்புக்கு மூன்று பிரதி. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ மட்டும் பத்துப் பிரதி வாங்கலாம். சின்னப் புத்தகம், ஒரே பீரியடில் வகுப்பே படித்துவிடும். முடிவு கனமானது, ஆகவே நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள். ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’ ஏழாம் வகுப்புக்குச் சரியாக இருக்கும். ‘குட்டி இளவரசன்’ எட்டாம் வகுப்புக்கு, நீங்கள் வாய்விட்டு வாசித்துக் காட்டினால் மட்டும். பொது அறிவுக் களஞ்சியம், தலைவர்கள் வாழ்க்கை வரலாறு என்று மொத்தமாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பரிசளிப்பு விழாவுக்கு அவை சரி. பிள்ளைகள் எடுத்துப் படிப்பதில்லை.

ஐந்நூறு ரூபாயை ஒதுக்கி, அட்டை போடவும் முதுகில் துணிப் பட்டை ஒட்டவும் வைத்துக்கொள்ளுங்கள். பின் அடித்த புத்தகம் நாலாவது கைக்குப் போகும்போது நடுப்பக்கத்தை உதிர்த்துவிடும். கடையில் வாங்குவதைவிடப் புத்தகத் திருவிழாவில் வாங்கினால் பொதுவாகப் பத்து சதவீதக் கழிவு கிடைக்கும்.

கேள்வி: வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். எங்களைப் போன்றவர்களின் கதை தமிழில் உண்டா?
– வாசகர், கெலமங்கலம்

கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976). தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்து கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறியவர்களின் கதை. பேச்சு நடையில் இருப்பதால் முதல் பத்துப் பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள், பழகிவிடும். அதன் தொடர்ச்சி ‘கோபல்லபுரத்து மக்கள்’, 1991-இல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. முதல் நாவலைப் படிக்காமல் அதற்குப் போகாதீர்கள். உங்கள் ஓசூரிலேயே இருந்து எழுதுகிறவர்களும் உண்டு. ஆதவன் தீட்சண்யாவின் ‘மீசை என்பது வெறும் மயிர்’ கூர்மையானது. பா. வெங்கடேசனின் ‘தாண்டவராயன் கதை’ மிகப் பெரியது, வாக்கியங்களும் நீளம். நாளைக்குப் பத்துப் பக்கம் என்று பொறுமையோடு போகிறவர்களுக்கு மட்டும்.

கேள்வி: யானை வந்து ராகியை மிதித்துவிட்டுப் போகிறது. யானையைப் பற்றி உண்மையாகச் சொல்லும் தமிழ்ப் புத்தகம் எது?
– விவசாயி, தேன்கனிக்கோட்டை

ச. முகமது அலியும் க. யோகானந்தும் எழுதிய ‘அழியும் பேருயிர்: யானைகள்’. யானையின் உடல், கூட்டம், வாழிடம், அதற்கு வந்திருக்கும் நெருக்கடி என்று விலங்கை அறிந்தவர்கள் எழுதியது. சு. தியடோர் பாஸ்கரனின் ‘இன்னும் பிறக்காத தலைமுறைக்காக’ அதைவிட எளிய கட்டுரைகள். ஜெயமோகனின் ‘அறம்’ தொகுப்பில் வரும் ‘யானை டாக்டர்’ கதை, வனக் கால்நடை மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியை வைத்து எழுதியது. காட்டில் எறியும் பாட்டில் துண்டு ஒரு யானையின் காலை என்ன செய்யும் என்பதை அதில் படித்தவர் மறக்க மாட்டார். ராகிக் கொல்லையைக் காக்கும் வழி இந்த மூன்றில் எதிலும் நேரடியாக இல்லை; அதற்கு வனத்துறையிடம்தான் போக வேண்டும். யானை ஏன் ஊருக்குள் வருகிறது என்ற கேள்விக்கு முதல் புத்தகம் பதில் சொல்லும்.