ஆறு பேர், மூன்று நாள், ஒரு குவில்ட்?

கேள்வி: நாங்கள் ஆறு தோழிகள். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, மூன்று நாள் தங்கி குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைப்பதாகத் திட்டம். எல்லோரும் சேர்ந்து ஒரே குவில்ட்டைத் தைத்து முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்கிறாள் ஒருத்தி. பாதியில் நிற்கும் தன் வேலையைத்தான் கொண்டுவருவேன் என்கிறாள் இன்னொருத்தி. மூன்றாமவளுக்கு ஊசியில் நூல் கோர்க்கக்கூடத் தெரியாது, ஆனால் கட்டாயம் வருவாளாம். ஏற்பாடு மொத்தமும் என் தலையில். மனஸ்தாபம் இல்லாமல் திரும்பி வர வழி சொல்லுங்கள்.

பதில்: அந்த ஒரே குவில்ட் யோசனையை முதலில் கைவிடுங்கள். துண்டுகளை இணைத்து மேல்துணி தைக்கிற வரைக்கும் ஆறு பேருக்கும் வேலை இருக்கும். மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என்று மூன்றையும் அடுக்கி மெஷினில் ஓட்டும்போது ஒருத்தி தைப்பாள், ஐந்து பேர் வேடிக்கை பார்ப்பார்கள். முடிந்ததும் அது யார் வீட்டுக்குப் போகும்? அதையும் சொல்லிவிட்டாளா உங்கள் தோழி?

அளவுச் சிக்கல் வேறு. தையலுக்கு விடுவது கால் அங்குலம். ஒருத்தி 1/16 அங்குலம் கூடுதலாகப் பிடித்தால், இரண்டு துண்டிலும் சேர்த்து ஒரு தையலுக்கு 1/8 அங்குலம் போய்விடும். ஒன்பது கட்டம் உள்ள வரிசையில் எட்டுத் தையல்; ஒரு அங்குலம் காணாமல் போயிருக்கும். உங்கள் வரிசையும் அவள் வரிசையும் எப்படிச் சேரும்?

அவரவர் வேலையை அவரவர் கொண்டுவரட்டும். சேர்ந்து செய்த நினைவாக ஏதாவது வேண்டுமென்றால், ஒரே அளவில் ஆளுக்கு ஆறு பிளாக் (துண்டுகளை இணைத்துத் தைக்கும் கட்டம்) தைத்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ஆளுக்கொன்றாக மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு பரீட்சை: இரண்டரை அங்குலச் சதுரம் இரண்டை இணைத்து அளந்தால் சரியாக நாலரை வர வேண்டும். வராதவர் தையலைக் கொஞ்சம் உள்ளேயோ வெளியேயோ தள்ளிச் சரிசெய்துகொள்ளட்டும்.

துணியை வீட்டிலேயே வெட்டி, அளவு எழுதிய பைகளில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். பேச்சு சுவாரசியத்தில் தையல் கோணினால் பிரித்துக்கொள்ளலாம், துணியைக் குறைத்து வெட்டிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ரோட்டரி கட்டர் (உருட்டி வெட்டும் வட்ட பிளேடு) கொண்டுவருபவர்கள் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் பிளேடை மூடியே வைக்க வேண்டும். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

பலரும் கோட்டை விடுவது அயர்ன் பாக்ஸில்தான். தையல் மெஷின் பெரும்பாலும் 100 வாட் அளவில் ஓடிவிடும். அயர்ன் பாக்ஸ் ஒன்றே 1,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஆளுக்கொன்று கொண்டுவந்து ஒரே லைனில் மாட்டினால் வீடே இருட்டாகும். இரண்டு போதும், அதுவும் வேறு வேறு அறையில். எக்ஸ்டென்ஷன் போர்டில் மெஷினை மாட்டுங்கள், அயர்ன் பாக்ஸை நேராகச் சுவர் பிளக்கில். உண்மையில் கதை பேசுகிற இடமே அந்த இஸ்திரி மேஜைதான், பாருங்கள்.

தையல் தெரியாத தோழியை ஆளாளுக்குப் பாடம் எடுத்துப் படுத்த வேண்டாம். தைத்த துண்டுகளை அழுத்தி மடிப்பெடுக்கச் சொல்லுங்கள்: பெட்டியை இழுக்காமல், தூக்கித் தூக்கி வைக்க வேண்டும், இழுத்தால் துணி கோணிக்கொள்ளும். பிளாக்குகளைத் தரையில் பரப்பி, போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். எங்கே அடர் நிறம் குவிந்திருக்கிறது, எங்கே வெளிறிப்போயிருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். துணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் உங்கள் ஐந்து பேரைவிட அவள் கண் அதை நன்றாகவே பிடிக்கும்.

கடைசியாக, உங்கள் தலைபாரம். சமையல், பாத்திரம், குப்பை, இரவு எத்தனை மணிக்கு மெஷினை நிறுத்துவது எல்லாவற்றையும் பெயர் போட்டு எழுதி இப்போதே குரூப்பில் அனுப்பிவிடுங்கள். "நீயே பார்த்துக்கோடி, உனக்குத்தான் நல்லா வரும்" என்று யாராவது குழைந்தால், வீடு தேடும் வேலையை அவளிடமே கொடுத்துவிடுங்கள்.