ஆற்றில் தனியே இறங்கிப் பெரிய ஸ்மால்மௌத் பிடித்தல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் சஸ்குவஹானா, ஜூனியாட்டா ஆறுகளிலும், மேரிலாந்து மாநிலத்தை ஒட்டி ஓடும் பொட்டோமாக் ஆற்றிலும் படகின்றி நீரில் நடந்தே ஸ்மால்மௌத் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கும் வாசகர்களின் கேள்விகள் இவை. ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

தனியாகச் செல்பவர் எவ்வளவு ஆழம் வரை இறங்கலாம்? பெரிய மீன்கள் ஆழத்தில்தானே இருக்கும்?

கேள்வியின் இரண்டாம் பாதியில் உள்ள நம்பிக்கைதான் பலரை இடுப்புக்கு மேல் இறங்க வைக்கிறது. கோடை மாதங்களில் அது பெரும்பாலும் பொருந்தாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, 20 அங்குலத்தைத் தொடும் மீன்கள்கூட விடியலிலும் அந்தியிலும் முழங்கால் அளவு நீருக்கு வந்து இரை தேடுகின்றன. ஆகவே தனியே செல்பவருக்குத் தொடையளவே எல்லை என்று வைத்துக்கொண்டால் மீனை இழக்கப்போவதில்லை.

ஆழத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் நீரளவைப் பணியாளர்கள், ஓரிடத்தின் ஆழத்தை அடியிலும் ஓட்டத்தின் வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கிப் பார்ப்பார்கள்; விடை 10க்கு மேல் போனால் அங்கே இறங்கி நடப்பதில்லை. அது பயிற்சி பெற்றவர்களுக்கான கணக்கு. ஒரு கையில் தூண்டில் கழியோடு தனியே நிற்பவருக்கு 6 போதும் என்பது என் கருத்து. ஒரு சுள்ளியை நீரில் விட்டு, அது 10 அடி நகர எத்தனை விநாடி எடுக்கிறது என்று எண்ணுங்கள். நான்கு விநாடி என்றால் வேகம் விநாடிக்கு இரண்டரை அடி. பெருக்கினால் 6ஐத் தாண்டாமலிருக்க, அங்கே இரண்டரை அடிக்குச் சற்றுக் குறைவான ஆழம்தான் உங்கள் எல்லை. ஓட்டத்தோடு இறங்கிப் போவது எப்போதும் எளிது என்பதால், வந்த வழியே எதிர்த்து ஏற முடியுமா என்பதை இறங்கும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து புறப்படும் முன் ஆற்றின் நிலையை எப்படி அறிவது?

மேற்சொன்ன துறையே ஆறுகளில் அளவுமானிகளை நிறுவி, நீர்மட்டத்தையும் விநாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்பதையும் இணையத்தில் வெளியிடுகிறது. மேட்டூர் அணைச் செய்திகளைப் படித்து வளர்ந்தவர்களுக்குக் கன அடிக் கணக்கு புதிதல்ல. எண்ணைவிட, வரைகோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம். சஸ்குவஹானா 444 மைல் நீளமுள்ள ஆறு. நியூயார்க் மாநிலத்தில் பெய்த மழை, பென்சில்வேனியாவின் தலைநகரான ஹாரிஸ்பர்க்கில் வெயில் காயும் வேளையில் வந்து சேரும். ஏறிக்கொண்டிருக்கும் ஆற்றில் தனியே இறங்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அன்றைய அளவைக் குறித்துக்கொண்டு, கரையோரத்தில் ஒரு குறிப்பிட்ட பாறை எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பார்த்து வைத்தால், நாளடைவில் அந்த எண் உங்களுக்குப் பொருள் தரத் தொடங்கும்.

மின் உற்பத்தி அணைகளுக்குக் கீழே மழையே இல்லாமலும் நீர் உயரும். சஸ்குவஹானாவின் குறுக்கே 1928இல் கட்டி முடிக்கப்பட்ட கொனோவிங்கோ அணை போன்ற இடங்களில் சங்கு ஒலித்தால் இரையைச் சுற்றி எடுக்கக்கூடக் காத்திராமல் கரையேறுங்கள். ஹாரிஸ்பர்க்கின் டாக் ஸ்ட்ரீட் அணை போன்ற தாழ்வான தடுப்புகள் மேலிருந்து பார்க்கச் சாதுவாகத் தெரியும்; கீழே சுழலும் நீர் ஆளை மீண்டும் மீண்டும் சுவரை நோக்கி இழுக்கும். பல உயிர்களைப் பலிகொண்ட அந்த இடத்தின் அருகில் செல்ல எந்தக் காரணமும் போதாது.

சிறிய மீன்கள் நிறையக் கிடைக்கின்றன. 18 அங்குலத்தைத் தாண்டியதே இல்லை. பெரியவை எங்கே இருக்கின்றன?

ஆற்றில் 20 அங்குலம் வளர்வதற்கு இந்த மீனுக்குப் பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். அத்தனை காலம் தப்பிப் பிழைத்த மீன், குறைந்த உழைப்பில் நிறைய இரை கிடைக்கும் இடத்தையே பிடித்துவைத்திருக்கும். அத்தகைய இடங்கள் ஒரு மைலில் சிலவே. வேகமாக ஓடும் நீருக்கும் அசையாத நீருக்கும் இடையே ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டை ஒட்டி ஒரு பெரிய பாறையோ, அடித்தளத்தில் ஓர் அடி கூடுதல் பள்ளமோ இருந்தால், முதலில் அங்கேதான் வீச வேண்டும். சஸ்குவஹானாவில் பாறை விளிம்புகள் ஆற்றின் குறுக்கே வரிசையாகக் கிடக்கின்றன. நீர் அவற்றைத் தாண்டி விழும் இடத்தில் குடைந்த பள்ளங்களும் அப்படிப்பட்டவையே. ஆனால் அந்த விளிம்பின் மேலேயே நடந்து போகாதீர்கள்: முழங்கால் அளவிலிருந்து அடுத்த அடியிலேயே கழுத்தளவு ஆகிவிடும்.

கோடையில் நீர் மிகவும் சூடேறும்போது, பிராணவாயு மிகுந்த சலசலப்பான நீர்ப்பகுதிகளின் மேல் முனையைப் பாருங்கள். அந்தியில் மடுவின் கடைப்பகுதியை, அதாவது ஆழம் குறைந்து நீர் மீண்டும் வேகம் எடுக்கத் தொடங்கும் இடத்தை மறக்காதீர்கள். அகலமாகவும் ஆழமின்றியும் தெரிவதால் பலரும் அதற்குள்ளேயே நடந்து அடுத்த மடுவுக்குப் போய்விடுகிறார்கள். பெரிய மீன் அப்போது அவர்கள் காலடியிலிருந்து விலகி ஓடியிருக்கும். கரையோரமாக நீருக்குள் வளர்ந்து நிற்கும் வாட்டர் வில்லோ புதர்களும் நல்ல இடங்கள். நம் ஊர் ஆடாதோடையும் இதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஊதாத் தீற்றலுடன் கூடிய வெள்ளைப் பூவைப் பார்த்தால் உறவு விளங்கும். நீர் சற்று உயர்ந்திருக்கும் நாட்களில் சிறுமீன்கள் இந்தத் தண்டுகளுக்கிடையே ஒதுங்க, பெரியவை விளிம்பில் காத்திருக்கும்.

தனியாகச் செல்பவருக்கு உள்ள ஒரே சாதகம் அமைதிதான். பரல் கற்களை மிதிக்கும் ஓசை நீருக்குள் வெகுதூரம் போகும். ஓட்டத்தின் கீழ்ப்புறமிருந்து ஏறி வந்து, இறங்கும் முன்பே காலடி நீரில் ஒரு வீச்சு வீசிவிட்டு, பிறகு ஓரடி வைத்துச் சற்று நேரம் நில்லுங்கள். இரண்டு மணி நேரத்தில் நூறு கெஜம் மட்டுமே நகர்ந்தாலும் குறைவில்லை.

அடியில் ஃபெல்ட் (அழுத்திச் செய்த கம்பளம் போன்ற துணி) ஒட்டிய காலணி வாங்கலாமா?

பாசி படிந்த பாறையில் அதன் பிடிப்பு மிக நன்று. ஆனால் ஈரமான ஃபெல்ட்டில் ஒட்டிக்கொண்டு அயல் உயிரிகள் ஆறு விட்டு ஆறு பரவுவதால் மேரிலாந்து 2011இல் அதைத் தடை செய்தது. உலோகக் குமிழ்கள் பதித்த ரப்பர் அடியே நல்லது. அதோடு ஓர் ஊன்றுகோலும் வேண்டும். காலணிக்குச் செலவிடும் பணத்தில் பாதியையாவது அதற்கு ஒதுக்குங்கள்.

நீர்புகாக் கால்சட்டைக்குள் நீர் நிரம்பினால் அது ஆளை அமிழ்த்திவிடும் என்கிறார்களே?

உள்ளே இருக்கும் நீரும் வெளியே இருக்கும் நீரும் ஒரே எடைதான் என்பதால் அது கீழே இழுக்காது; கரையேறும்போதுதான் பாரம் தெரியும். இடுப்பு வாரை இறுக்கிக் கட்டினால் நீர் புகுவது குறையும். விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதந்து செல்லுங்கள். வேகமான நீரில் எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். ஓட்டம் முதுகில் அழுத்தும்போது தொடையளவு நீரும் உயிரைக் கொள்ளும். உடலோடு ஒட்டிய மெல்லிய மிதவைச் சட்டையைக் கோடையிலும் கழற்றாதீர்கள். வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

எந்த இரைகளை எடுத்துச் செல்வது?

மூன்று வகை போதும். விடியலுக்கு நீர்மேல் மிதந்து குமிழ்விடும் பாப்பர். பகலுக்குப் பழுப்பு கலந்த பச்சை நிறத்தில் மூன்றரை அங்குல ட்யூப், அதாவது உள்ளீடற்ற குழாய் வடிவ மென்பிளாஸ்டிக் இரை. தெளிந்த நீருக்கு எடையில்லாத மென்பிளாஸ்டிக் மீன். ட்யூப் கல்லிடுக்கில் ஒளியும் கிரேஃபிஷைப் போலத் தோன்றும்; அது இறாலைப் போன்ற நன்னீர் உயிரி. இந்த மீனின் முதன்மை உணவுகளில் அதுவும் ஒன்று. ட்யூபுக்கு எடை தரும் ஈயத்தலை அவுன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், கனமானால் பாறையில் சிக்கும். சிக்கிய இரையை மீட்க நடந்து போவதுதான் தனியே செல்பவர்கள் எல்லையை மீறும் வழக்கமான தருணம். நரம்பை அறுத்துவிடுங்கள்.

பிடித்ததைக் குழம்பு வைக்கலாமா?

நடு சஸ்குவஹானாவிலும் கீழ் ஜூனியாட்டாவிலும் பிடித்தவுடன் விட்டுவிட வேண்டும் என்ற விதி 2011இல் வந்தது. 2005 முதல் குஞ்சுகள் நோயுற்று மடியத் தொடங்கியதே அதற்குக் காரணம். பிற பகுதிகளின் விதிகளை அந்தந்த ஆண்டின் கையேட்டில் பாருங்கள். பொதுவாகவே தானே பிடித்த மீனை வாரம் ஒருவேளைக்கு மேல் உண்ண வேண்டாம் என்பது பென்சில்வேனியாவின் அறிவுரை. அனுமதி உள்ள இடத்திலும் பெரிய ஸ்மால்மௌத்தை விட்டுவிடுங்கள் என்பேன். குழம்புக்குக் கெளுத்தியே ருசி. தூண்டில் கழியில் 20 அங்குலத்தில் ஒரு நாடா சுற்றி வைத்தால், மீனை நீரிலிருந்து தூக்காமலே அளந்துவிடலாம்.

ஸ்மால்மௌத் பொட்டோமாக்கின் சொந்த மீனா?

இல்லை. 1854இல் பால்டிமோர்–ஒஹையோ ரயில்வேயின் எஞ்சினுக்கான தண்ணீர்த் தொட்டியில் வைத்து மலை தாண்டிக் கொண்டுவரப்பட்டது.

நவம்பரில் பெரியவை கிடைக்கும் என்கிறார்கள். அப்போதும் இறங்கலாமா?

கிடைப்பது உண்மை. நீர் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போகும்போது அவை மைல்கணக்கில் நீந்தியும் ஆழ்ந்த, மெதுவான மடுக்களில் வந்து கூடுகின்றன. ஆனால் அந்தக் குளிரில் விழுந்தவுடன் மூச்சு திணறும். சில நிமிடங்களில் விரல்கள் மடங்காது. தனியே செல்பவர் கணுக்கால் அளவைத் தாண்ட வேண்டாம். கரைக்கு அருகிலேயே ஆழம் தொடங்கும் மடுவைக் கோடையிலேயே பார்த்து வைத்துக்கொண்டு, நவம்பரில் நண்பகலுக்குப் பின் அங்கே போய், ட்யூபை அடியில் கிடக்கவிட்டு மிக மெதுவாக இழுங்கள்.